தலையில் நீர் கோத்துக்கொள்ளவில்லை, அம்மிணி

அம்மிணி,

ஞாயிற்றுக்கிழமை உன் தங்கச்சி வளைகாப்பில் நான் பந்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, நீ அவளிடம் சொன்னது காதில் விழுந்தது. "நீ தைரியமா இருந்துக்குவ. நானெல்லாம் தாங்காதவ. உடம்புல தெம்பு பத்தல, அதான் அப்பிடி ஆயிப்போச்சு." அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஜக்கோடு அடுத்த வரிசைக்குப் போய்விட்டேன்.

தாங்காதவள் என்பது உன் வார்த்தை இல்லை. ஆறு வருஷத்துக்கு முன் அந்த ஆஸ்பத்திரி ரூமில் நின்றவர்கள் சொன்னது. அவர்களில் பாதிப் பேர் இதைப் படிப்பார்கள். அதனால்தான் வீட்டில் சொல்லவேண்டியதை இங்கே எழுதுகிறேன். உன்னைச் சொன்னது எட்டுப் பேர் முன்னால். நான் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டால் கணக்கு நேராகாது.

எத்தனை மணி நேரம் வலி, வேக்கம் வைத்து எடுத்தது, பாப்பா எப்போது அழுதது, எல்லாம் உனக்குத் தெரியும். உன் முதுகுக்குப் பின்னால் நடந்தது மட்டும் தெரியாது.

பிரசவ வலி தெரியாமலிருக்க முதுகில் ஊசி போடுவதற்காக உன்னைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்துத் தலையணையைக் கட்டிப்பிடிக்கச் சொன்னார்கள். நான் முன்னால் நின்று உன் இரண்டு தோளையும் அழுத்திப் பிடித்திருந்தேன். "சார், இப்ப அசைய விடாதீங்க" என்றார் மயக்க டாக்டரம்மா. உன் நெற்றி என் சட்டைப் பட்டனில் அழுந்திக் கிடந்தது. அப்போது பார்த்து வலி வந்தது. "விடுங்க மாமா... விடுங்க" என்றாய். என் கை தளர்ந்தது. தளர்ந்ததா, நீ உதறினாயா என்று இன்றுவரை அந்த நொடியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். உன் தோள் ஏறி இறங்கியது. எட்டிப் பார்த்தேன். ஊசியின் பின்முனையிலிருந்து சொட்டுச் சொட்டாக, நிறமே இல்லாமல், வேகமாக விழுந்துகொண்டிருந்தது. விரித்திருந்த பச்சைத் துணியில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஈரம் பரவியது. டாக்டரம்மா கட்டைவிரலால் துவாரத்தை அடைத்தார். ஒன்றும் பேசவில்லை. சிஸ்டர் அவர் முகத்தைப் பார்த்தார்.

அந்த ஊசியை எடுத்துவிட்டு ஓர் எலும்பு தள்ளி மறுபடி போட்டார். "ஏன் ரெண்டு தடவ குத்துனாங்க?" என்று கேட்டாய். "மொதல்ல எடம் சரியாக் கெடைக்கல" என்றேன்.

பாப்பா பிறந்தபின் டாக்டரம்மா என்னை வராந்தாவில் நிறுத்திச் சொன்னார். முதுகுத்தண்டைச் சுற்றியிருக்கும் உறையில் ஊசி பட்டு ஓட்டை விழுந்திருக்கிறது. நல்ல கைப்பழக்கம் உள்ளவர்களுக்கும் சுமார் நூற்றில் ஒன்று இப்படி ஆகும். ஓரிரு நாளில் தலைவலி வரலாம், வந்தால் உடனே சொல்லுங்கள், வைத்தியம் இருக்கிறது. அவர் விசிட்டிங் டாக்டர், விடிந்ததும் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். மறைக்கவில்லை. மறைத்தது நான்.

வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி "அவ ஏன் அசைஞ்சா, நீ புடிச்சிருந்தயில்ல?" என்றுதான் வரும். அந்தப் பயம்தான். வேறு காரணம் இல்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

அந்த இரண்டு நாள் உனக்கு என்ன நடந்தது என்று நான் எழுதவேண்டியதில்லை. தலையைத் தூக்கினால் பிடரியிலிருந்து நெற்றிவரை பிளக்கிறது என்றாய். படுத்தால் போய்விடும். அதனாலேயே ஒருத்தரும் நம்பவில்லை. "படுத்தா நல்லாருக்குதாம், புள்ளைக்குப் பால் குடுக்க எந்திரின்னா வலிக்குதாம்." தலையில் நீர் கோத்துக்கொண்டது என்று காதில் பஞ்சை அடைத்து, நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டார்கள். தோல் சிவந்து எரிந்தது. "நாங்களும்தான் பெத்தோம்" என்று ஒரு குரல். யார் என்று எழுதமாட்டேன். நாற்பது நாள் உனக்குப் பத்தியச் சோறு ஆக்கிப்போட்டதும் அதே கைகள்தான், அதையும் மறக்கவில்லை.

நீர் கோத்துக்கொள்ளவில்லை, அம்மிணி. நேர் எதிர். மூளையைத் தாங்கி மிதக்கவைக்கும் நீர் பெரியவர்களுக்கு மொத்தமே 150 மில்லி போல இருக்கும். அது அந்த ஓட்டை வழியாகக் கசிந்துகொண்டிருந்தது. எழுந்து உட்கார்ந்தால் மூளைக்குத் தாங்கல் போதவில்லை. 1898-இல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பியர் என்ற டாக்டர், முதுகில் மருந்து போடும் முறையைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்க்கப்போய், நீர் ஒழுகி, ஒன்பது நாள் படுத்துக் கிடந்தார். படுத்தால் சரியாகிறது, எழுந்தால் வருகிறது என்று அப்போதே எழுதிவைத்தார். அவரை யாரும் தாங்காதவர் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

மூன்றாம் நாள் உன்னைக் காப்பாற்றியதும் நான் இல்லை. பிரஷர் பார்க்க வந்த நர்சிங் படிக்கும் பெண்தான். "அக்கா, படுத்தா சுத்தமா இல்லையா? காது அடைச்ச மாதிரி இருக்கா?" என்று கேட்டுவிட்டு ஓடினாள். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த இன்னொரு ஆள் அதே ரூமில் ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

மறுபடி டாக்டரம்மா வந்து, உன் கையிலிருந்தே 20 மில்லி ரத்தம் எடுத்து முதுகில் செலுத்தினார். அது உறைந்து ஓட்டையை அடைக்கும் என்றார். ஒரு மணி நேரம் கழித்துத் தலையணை வைக்காமல் நீயாக எழுந்து உட்கார்ந்தாய். மேலே பார்த்தாய். "மாமா, ஃபேன் சத்தம் கேக்குது" என்றாய். அப்புறம்தான் பாப்பாவைக் கேட்டாய், மடியில் வைத்துக் குனிந்து முகம் பார்த்தாய். மூன்று நாள் பிள்ளையை முதல் தடவையாக உட்கார்ந்து பார்த்தாய். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நீயும் ஒரு தடவைகூட என்னைக் கேட்கவில்லையே, அம்மிணி. "மாமா உள்ள மயங்கி விழாம நின்னதே பெருசு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாய். எனக்கு மயக்கம் வரவே இல்லை. கண்ணைக்கூட மூடவில்லை. நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று ஒரு ராத்திரி கேட்டிருந்தால் கொட்டியிருப்பேன். கேட்காதது உன் தப்பா? இல்லை. ஆனாலும் கோபம் இருக்கிறது, இல்லை என்று எழுத முடியவில்லை.

இன்னொன்று வேண்டும் என்று நீ கேட்கும்போதெல்லாம் வீட்டு லோனைச் சொன்னேன். லோன் காரணம் இல்லை. மீதியை நேரில் பேசலாம், அது ஊருக்கு வேண்டாம்.

உன் தங்கச்சியிடம் அந்த ஊசியே வேண்டாம் என்றும் சொன்னாயாம். அவள் போட்டுக்கொள்ளட்டும், வேண்டாமென்றால் விடட்டும், அவள் இஷ்டம். எழுந்தால் வந்து படுத்தால் போகிற தலைவலி வந்தால் அந்த நிமிஷமே டாக்டரிடம் சொல்லவேண்டும் என்று அவள் வீட்டுக்காரரிடம் நானே போனில் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். உனக்கு முன்னால் அவரிடம் சொல்லவேண்டி வந்ததற்கு வருத்தம்.

இன்சூரன்ஸுக்காக வாங்கிய கேஸ் ஷீட் நகல் இத்தனை நாள் என் ஆபீஸ் டிராயரில் இருந்தது. நேற்றுக் கொண்டுவந்து பீரோவில் உன் கூறைப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். டாக்டர் எழுத்து, புரியாவிட்டால் நான் படித்துக் காட்டுகிறேன். அதிகாலை 3.20 என்று நேரம் போட்டு, உறையில் ஓட்டை விழுந்தது என்று ஒரு வரி. அதற்குக் கீழே, கணவரிடம் சொல்லப்பட்டது என்று இன்னொரு வரி. பக்கத்தில் இருப்பது என் கையெழுத்து.