பண்டிகையை எப்படிச் சுருக்கினோம் என்று கேட்டாயே

பாளையங்கோட்டை
16 நவம்பர் 2025

என் அன்புத் தோழிக்கு,

இயேசுவின் இனிய நாமத்தில் வாழ்த்துகள். உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. அரையாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் எடுக்கும் வேலை என் தலையில் விழுந்ததால் உடனே எழுத முடியவில்லை. இங்கே எல்லோரும் சுகம். பெரியவன் கோயம்புத்தூரில் படிப்பை முடித்து அங்கேயே வேலையில் சேர்ந்துவிட்டான். சின்னவள் பிளஸ் டூ, அதனால் வீட்டில் டிவிக்கு ஓய்வு. அத்தைக்கு முட்டிவலி கூடியிருக்கிறது. ஆனாலும் அடுப்படியை என்னிடம் விட்டுத்தர மாட்டேன் என்கிறார்கள். நீ புது வீட்டுக்குக் குடிபோனதில் எங்களுக்கெல்லாம் சந்தோஷம். நாலாவது மாடி, லிப்ட் அடிக்கடி நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தாய். நல்லதுதான், ஹாஸ்டல் காலத்தில் மாடிப்படி ஏறவே மாட்டேன் என்று அடம்பிடித்தவள் நீ!

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். டிசம்பர் வந்தாலே பயமாக இருக்கிறது, பண்டிகை முடிந்தால் களைப்பும் கிரெடிட் கார்டு பில்லும்தான் மிஞ்சுகின்றன, உங்கள் வீட்டில் மட்டும் எப்படிக் குறைத்தீர்கள் என்று கேட்டிருந்தாய். நாங்கள் உட்கார்ந்து திட்டம் போட்டுக் குறைக்கவில்லை. தொடங்கிவைத்தது மழை.

2023 டிசம்பர் உனக்கு மறந்திருக்காது. மிக்ஜாம் புயலில் உங்கள் தெருவில் நின்ற தண்ணீர் வடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, எங்கள் பக்கம் 17ஆம் தேதி கொட்டத் தொடங்கியது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு அது. சாயங்காலம் நடக்கவிருந்த கீத ஆராதனையைத் தள்ளிவைத்துவிட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய் சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டார்கள். ஏரல் பக்கம் அத்தை வீட்டில் இடுப்பளவு தண்ணீர். பலகாரத்துக்கு இடித்து வைத்திருந்த மாவு, வெல்லம், பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த புதுத்துணி எல்லாம் போயிற்று. வெள்ளம் வடிந்த பிறகு அவர்களை இங்கே கூட்டிக்கொண்டு வந்தோம், அன்றிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார்கள்.

அந்த வருடம் எங்கள் சபையில் வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் கிடையாது, கோயிலுக்கு சீரியல் லைட் கிடையாது. அந்தப் பணத்தில் அரிசியும் போர்வையும் வாங்கி ஆற்றங்கரை ஊர்களுக்கு அனுப்பினார்கள். 25ஆம் தேதி அதிகாலை ஆராதனைக்குப் பாதிப் பேர் பழைய துணியில்தான் வந்திருந்தார்கள். சபைப் போதகரான ஐயர் பிரசங்கத்தைப் பத்து நிமிடத்தில் முடித்தார், அதையும் அந்த வருடத்து அதிசயங்களில் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டோம். வேறு வேலை இல்லாததால் சாயங்காலம் எல்லோரும் முன்னறையில் உட்கார்ந்து, ஞாபகத்தில் இருந்த கீர்த்தனைகளை எல்லாம் பாடித் தீர்த்தோம். அத்தை தண்ணீரில் போன சாமான்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வருடம் நவம்பரில் வழக்கம்போல நான் சாமான் பட்டியல் எழுத உட்கார்ந்தேன். சின்னவள் பக்கத்தில் வந்து நின்று, “அந்த வருஷம் மாதிரியே இருக்கக் கூடாதாம்மா?” என்றாள். வெள்ளத்தையா கேட்கிறாய் என்றேன். “வெள்ளம் வேண்டாம். மீதி வேணும்” என்றாள்.

அந்த மீதி என்ன என்று எங்களுக்குச் சட்டென்று புரியவில்லை. இவர் பட்ஜெட் போடலாம் என்றார். பட்ஜெட் போட்டால் சண்டைதான் வரும் என்று எனக்குத் தெரியும். உன் வீட்டிலும் அதுதான் நடக்கும். அதற்குப் பதிலாக ஒன்று செய்தோம். லூக்கா சுவிசேஷத்தில் 24 அதிகாரங்கள். டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கி ராத்திரிக்கு ஓர் அதிகாரம் படித்தால் 24ஆம் தேதி முடியும். இது ஒன்றும் எங்கள் கண்டுபிடிப்பு இல்லை, பல வீடுகளில் செய்கிறார்கள். நாங்கள் செய்ததில்லை, அவ்வளவுதான். முதல் அதிகாரம் 80 வசனம். சின்னவள் இரண்டு முறை கொட்டாவி விட்டாள். கோயம்புத்தூரிலிருந்து பெரியவன் போனில் சேர்ந்துகொண்டான். பாதி நேரம் “கேட்குதா, கேட்குதா” என்பதிலேயே போனது. விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

இரண்டாம் ராத்திரி அத்தையின் முறை. பெரிய எழுத்து வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தார்கள். மேய்ப்பர்கள் வந்து போனார்கள், பிள்ளைக்குப் பேர் வைத்தாயிற்று. அதற்குப் பிறகு, பிள்ளையை எருசலேமுக்குக் கொண்டுபோய், ஒரு ஜோடு காட்டுப்புறாவையாவது இரண்டு புறாக்குஞ்சுகளையாவது பலியாகச் செலுத்த வந்தார்கள் என்று ஒரு வசனம் வருகிறதே, அதில் நிறுத்தினார்கள். “ஏன் புறா?” என்று சின்னவள் கேட்டாள். இவர் லேவியராகமம் 12ஆம் அதிகாரத்தைத் திருப்பினார். பிள்ளை பெற்றவள் ஓர் ஆட்டுக்குட்டி கொண்டுவர வேண்டும், அதற்குச் சக்தி இல்லாதவள் புறா கொண்டுவரலாம் என்று அங்கே இருக்கிறது. எத்தனை வருடமாகக் கேட்கிற வசனம்! அத்தை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அப்போ மரியாளுக்கு ஒரு ஆட்டுக்குட்டி வாங்க வழியில்ல. நமக்கு மட்டும் எதுக்குல நாலு கிலோ மட்டன்?” என்று மகனைப் பார்த்துக் கேட்டார்கள். இவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கறிக்கடையில் முந்தின நாள்தான் சொல்லிவைத்துவிட்டு வந்திருந்தார்.

பிரியாணியை விட்டோமா என்றால், இல்லை. 14ஆம் தேதி 14ஆம் அதிகாரம். விருந்து பண்ணினால் உன் சிநேகிதரையும் சகோதரரையும் ஐசுவரியமுள்ள அயலகத்தாரையும் கூப்பிடாதே, அவர்கள் உன்னைத் திருப்பிக் கூப்பிடுவார்கள், அதோடு கணக்கு சரியாகிவிடும். திருப்பிக் கூப்பிட முடியாதவர்களைக் கூப்பிடு என்று ஆண்டவர் சொல்வது அங்கேதான் வருகிறது. படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பெரியவன் போனிலிருந்து, “நம்ம வீட்டு விருந்து லிஸ்ட்ல அப்படி யாராவது இருக்காங்களா?” என்றான். ஒருவரும் இல்லை. எல்லோரும் நம்மை ஈஸ்டருக்குள் திருப்பிக் கூப்பிட்டுவிடுகிற ஆட்கள். ஆகவே நாலு கிலோ அப்படியே இருந்தது, ஆட்கள்தான் மாறினார்கள். எங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸம்மா, பக்கத்தில் கட்டட வேலை செய்த ஜார்க்கண்ட் பையன்கள், கோயில் வளாகத்தைப் பெருக்குகிற அக்கா குடும்பம். ஜார்க்கண்ட் பையன்களில் இரண்டு பேர் நம்மைப் போலக் கிறிஸ்தவர்கள் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. சாப்பிட்ட பிறகு அவர்கள் ஊர்ப் பாட்டு ஒன்று பாடினார்கள். ஒரு வார்த்தை புரியவில்லை, இயேசு பேர் மட்டும் புரிந்தது. நம் பக்கத்துச் சபைகளில் அசனம் என்று ஊரையே பந்தியில் உட்காரவைத்துச் சோறு போடுகிறோமே, அதை வீட்டில் செய்ய இத்தனை நாள் நமக்கு ஏன் தோன்றவில்லையோ.

நிறையப் பேர் எளிமை என்றதும் முதலில் கையை வைப்பது பிறருக்குக் கொடுக்கிற பங்கில்தான். பலகாரம் வேண்டாம், யார் செய்வது, யார் தின்பது என்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. தீபாவளிக்கு எதிர்வீட்டு மைனி அதிரசம் கொடுத்துவிடுகிறார்கள், ரம்சானுக்கு மேலப்பாளையத்திலிருந்து இவருடைய நண்பர் பிரியாணி அனுப்புகிறார். நாம் மட்டும் ‘இந்த வருஷம் சிம்பிள்’ என்று வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுப்பதா? அதோடு, முந்திரிக்கொத்து சுடுவதுதான் அத்தைக்குப் பண்டிகை. பாசிப்பயறு வறுக்கிற வாசம் வந்தால் அவர்களுக்கு முட்டிவலி மறந்துவிடும். ஏழெட்டு வகையை முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு என்று இரண்டாக்கினோம். அளவைக் குறைக்கவில்லை. போன தடவை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து உருண்டை பிடித்ததில் ஒரே ராத்திரியில் வேலை முடிந்தது.

துணி விஷயம் சின்னது. ஆளுக்கு ஒரு செட், அதுவே வருடப் பிறப்பு ஆராதனைக்கும். சின்னவள் முதலில் முகத்தைத் தூக்கினாள், இப்போது கேட்பதில்லை. ஸ்டாரை மட்டும் யாரும் தொடக்கூடாது என்று இவர் உத்தரவு. காகித ஸ்டாருக்குள் பல்பு போட்டு மொட்டைமாடியில் கட்டாவிட்டால் டிசம்பர் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்.

குடிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாலிபர் சங்கத்தில் குடில் போட்டி என்று வைத்ததிலிருந்து நீர்வீழ்ச்சி, மோட்டார் வைத்துச் சுற்றும் தேவதூதன் என்று எங்கேயோ போய்விட்டது. பிரான்சிஸ் அசிசியார் 1223இல் இத்தாலியில் கிரேச்சியோ என்ற ஊரில் குடில் வைத்தபோது வைக்கோல் போட்ட முன்னணை (மாட்டுத் தீவனத் தொட்டி), ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் இப்போது களிமண் பொம்மைகள். பிள்ளையை 25ஆம் தேதி காலையில்தான் வைப்போம், அதுவரை முன்னணை காலி. பிள்ளையைப் பார்க்க வரும் ஞானிகள் ஜன்னலோரத்திலிருந்து நாளுக்குக் கொஞ்சமாக நகர்ந்து ஜனவரி 6ஆம் தேதி வந்து சேருவார்கள். அவர்களை நகர்த்துவது அத்தையின் பொறுப்பு.

உன் கொழுந்தன் மனைவி போகும் சபையில் கிறிஸ்துமஸே கொண்டாடக் கூடாது என்கிறார்கள், அவளோடு பேசினால் வாக்குவாதமாகிறது என்று எழுதியிருந்தாயே. எங்கள் சொந்தத்திலும் அப்படி இருக்கிறார்கள். தேதி வேதத்தில் இல்லை என்கிறார்கள், உண்மைதான். டிசம்பர் 25ஐ இந்தப் பண்டிகையாக ரோமில் அனுசரித்ததற்கு நமக்குக் கிடைக்கும் முதல் குறிப்பே 336ஆம் ஆண்டைச் சேர்ந்தது. எங்கள் ஆச்சிக்கும் பிறந்த தேதி தெரியாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒரு தேதி போட்டுக்கொண்டார், அதையே கடைசிவரை கொண்டாடினோம், ஆச்சி பிறந்தது பொய்யாகிவிடவில்லை. ஆனால் குடியும் வெடியும் கடனுமாக நடக்கிற கொண்டாட்டத்தைப் பார்த்து அவர்கள் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. அதை ஒத்துக்கொண்டு பேசிப் பார், வாக்குவாதம் பாதியாகக் குறையும். அவளையும் ஒருநாள் ராத்திரி லூக்கா படிக்கக் கூப்பிடு. அதற்கு யார் மறுப்பு சொல்ல முடியும்?

இன்னொன்று, உதவி செய்வதைப் போட்டோ எடுக்காதீர்கள். உங்கள் அப்பார்ட்மெண்டில் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து அநாதை இல்லத்துக்குப் போகிறீர்கள் என்றாய். போங்கள். ஆனால் கேக் வாங்கும் பிள்ளையின் முகம் யாருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வர வேண்டாம். இதில் நான் கொஞ்சம் கடுமையானவள், உனக்குத் தெரியும்.

மறுபடியும் லூக்காவுக்கு வருகிறேன். டிசம்பர் 23ஆம் தேதி ராத்திரி சிலுவை. நான் இதை யோசிக்கவே இல்லை. வெளியே தெருவில் கேரல் ரவுண்ட்ஸ் டிரம் சத்தம், கிறிஸ்துமஸ் தாத்தா ஆடுகிறார், பிள்ளைகள் கத்துகிறார்கள். உள்ளே இவர் 23ஆம் அதிகாரத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலுக்கு அவர்கள் வந்தபோது போய்ப் பாட எனக்குத் தொண்டை வரவில்லை. 24ஆம் தேதி எம்மாவு சீஷர்கள், உயிர்த்தெழுதல். 25ஆம் தேதி விடியுமுன் கோயிலில் மறுபடியும் இரண்டாம் அதிகாரம், “பிள்ளையைத் துணிகளில் சுற்றி”. இரண்டு நாளுக்கு முன்புதான் சரீரத்தை மெல்லிய துணியிலே சுற்றிக் கல்லறையில் வைத்ததைப் படித்திருந்தோம். சின்னவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவளுக்கும் அதேதான் தோன்றியிருக்கிறது. அன்றைக்குத் திருவிருந்துக்கு நான் போன மாதிரி வேறு எந்தப் பண்டிகைக்கும் போனதில்லை.

நீ இந்த வருடமே எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். உன் மாமியாரிடமும் பிள்ளைகளிடமும், எது இல்லாவிட்டால் பண்டிகை பண்டிகையாக இருக்காது என்று ஆளுக்கு ஒன்று கேள். அதைத் தொடாதே. மற்றதைப் பற்றி அவர்களே பேசுவார்கள். உன் மகன் கேட்கிற போனை வாங்குவதோ விடுவதோ உங்கள் வசதி, ஆனால் அதைப் பண்டிகைக் கணக்கில் சேர்க்காதே. டிசம்பர் 1 திங்கட்கிழமை. முதல் அதிகாரம் நீளம் என்று முன்பே சொல்லிவிட்டேன், இரண்டு பேராகப் பிரித்துப் படியுங்கள்.

பொங்கல் விடுமுறைக்குக் குடும்பத்தோடு வாருங்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் முன்பதிவு இப்போதே திறந்திருக்கும், ஒருநாள் தள்ளினாலும் வெயிட்டிங் லிஸ்ட்தான். தூத்துக்குடி மக்ரூன் வாங்கி வைக்கவா, முதலூர் மஸ்கோத் அல்வா வாங்கி வைக்கவா என்று மட்டும் எழுது. இரண்டும் என்று எழுதுவாய், தெரியும். வினாத்தாளில் இன்னும் இரண்டு மதிப்பெண் கேள்விகள் பாக்கி இருக்கின்றன, வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி