எலென் டுத்ரியூ படப்புத்தகம்: உங்கள் கையும் சேரட்டும்

அன்புடையீர், வணக்கம்.

பெல்ஜியத்தில் வளரும் நம் பிள்ளைகளிடம் சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ் யார் என்று கேட்டால் உடனே சொல்வார்கள். விமானி எலென் டுத்ரியூவைக் கேட்டால் விழிப்பார்கள். நம்மில் பலரும் அப்படித்தான். அவரைப் பற்றித் தமிழிலும் டச்சிலும் ஒரு படப்புத்தகம் கொண்டுவர நம் வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் குழு முடிவு செய்திருக்கிறது.

1877இல், பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசும் பகுதியிலுள்ள துர்னே நகரில் பிறந்தவர். பதினான்கு வயதில் படிப்பை விட்டு வேலைக்குப் போனார். பிறகு சைக்கிள் பந்தயம். 1895இல் ஒரு மணி நேரத்தில் 39 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் பெண்களுக்கான உலக சாதனை படைத்தார். மேடையில் சைக்கிளோடு அந்தரத்தில் பாய்ந்து 'மனித அம்பு' என்ற பட்டமும் வாங்கினார்.

1908இல் கைக்கு வந்தது தெமுவசெல் விமானம். மூங்கில் சட்டம், துணி இறக்கை. ஓட்டுபவர் இறக்கைக்குக் கீழே, தரையை ஒட்டி உட்கார வேண்டும். ஆள் மெலிந்தவராக இருந்தால்தான் அது எழும்பும். முதல் முயற்சியிலேயே விழுந்து நொறுங்கியது. அவர் விடவில்லை. 1910 செப்டம்பரில் ஒஸ்டெண்டிலிருந்து ப்ரூஜ் வரை பறந்து திரும்பினார். நவம்பரில் 27ஆம் எண் உரிமம் பெற்று, பெல்ஜியத்தின் முதல் பெண் விமானி ஆனார். டிசம்பரில் 167 கிலோமீட்டர் பறந்து, பெண் விமானிகளுக்கான ஃபெமினா கோப்பை. அடுத்த ஆண்டு ஃபுளோரன்ஸ் நகரில் அரசர் கோப்பைக்குப் போட்டியிட்ட மற்றப் பதினான்கு பேரும் ஆண்கள், கோப்பை இவருக்கு.

கோர்செட் அணியாமல் பறக்கிறார் என்று பத்திரிகைகள் போட்ட கூச்சலும் புத்தகத்தில் உண்டு. இடுப்பை நெரிக்கும் அந்த உள்ளாடையோடு விமானத்தில் எப்படி வளைந்து நிமிர்வது? சிறுவர் புத்தகத்தில் இது எதற்கு என்று குழுவில் சிலர் கேட்டார்கள். மூத்த வகுப்புப் பெண் பிள்ளைகள் அதைத்தான் முதலில் வாசித்தார்கள். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

எழுத்து வேலை முடிந்துவிட்டது. எழுதியவர்களும் மொழிபெயர்த்தவர்களும் காசு வாங்கவில்லை. ஓவியருக்கு மட்டும் 800 யூரோ கொடுக்க வேண்டும். அவருக்கு அதுதான் தொழில். 500 பிரதிகள் அச்சிட 3,200 யூரோ. கையில் 1,450 இருக்கிறது. இன்னும் 2,550 யூரோ வேண்டும்.

ஐந்து யூரோ என்றாலும் தயங்காமல் தாருங்கள். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பொருளாளரிடம் நேரில் கொடுக்கலாம். வங்கி வழியாக அனுப்புவோர் அவரிடமே கணக்கு விவரம் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியூர் அன்பர்கள் தெரிந்த பெற்றோர் யாரிடமாவது கொடுத்துவிட்டாலும் போதும். எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு உண்டு. வரவு செலவுக் கணக்கை ஆண்டு விழாவன்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். மிஞ்சினால் பிரெஞ்சுப் பதிப்புக்கு வைத்துக்கொள்வோம், துர்னே பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதுதானே வேண்டும்.

தருவோர் பெயர்கள் கடைசிப் பக்கத்தில் அச்சாகும். பெயர் வேண்டாம் என்பவர்கள் பணம் தரும்போதே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
பெற்றோர் குழு