ஜோன் ஜே கொடுத்த வாக்கும் நீங்கள் பிறப்பிக்காத சட்டமும்: கனடா நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 1794 நவம்பர் 19ஆம் திகதி இலண்டனில் அமெரிக்காவுக்காக ஜோன் ஜேயும் பிரித்தானியாவுக்காகக் கிரென்வில் பிரபுவும் கையெழுத்திட்ட உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவைக் கனடாவின் சட்டமாக்குங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். பின்னணி உங்களுக்குத் தெரியும். 2016இல் செனட் குழு ஒன்று இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. அதனால் பாடம் நடத்த வரவில்லை. ஆனால் இது ஏன் இன்னும் கிடப்பில் கிடக்கிறது என்று கேட்க, இங்கே வந்து குடியேறி வரி கட்டி வாக்குப் போடுகிற எனக்கும் உரிமை இருக்கிறது.

கனடா-அமெரிக்க எல்லைக்கோட்டின் எந்தப் பக்கத்தில் வாழ்ந்தாலும் பூர்வகுடிகள் தரை வழியாகவும் உள்நாட்டு நீர்வழிகளாலும் தடையில்லாமல் போய்வரலாம், தங்கள் சொந்தப் பொருட்களுக்கு அவர்கள் சுங்கத் தீர்வை கட்ட வேண்டியதில்லை என்கிறது அந்தப் பிரிவு. முதல் பத்துப் பிரிவுகளும் நிரந்தரமானவை என்று அதே உடன்படிக்கையின் 28ஆம் பிரிவு சொல்கிறது. இடையில் 1812இல் அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் போர் வந்ததே, அதோடு உடன்படிக்கை போய்விட்டதே என்று உங்கள் சட்டத்தரணிகள் சொல்வார்கள். சரி, வந்தது. ஆனால் அந்தப் போரை முடித்த கென்ட் உடன்படிக்கையின் ஒன்பதாம் பிரிவு, 1811இல் பூர்வகுடிகளுக்கு இருந்த உரிமைகளைத் திரும்பக் கொடுப்பதாக வாக்களித்ததே, அதை எங்கே கொண்டுபோய் வைத்தீர்கள்?

அக்வெசாஸ்னேயை வரைபடத்தில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஒரே மோஹாக் பூர்வகுடிச் சமூகம், ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் நியூயோர்க்கிலும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. அவர்கள் கோட்டைத் தாண்டி எங்கும் போய்க் குடியேறவில்லை, கோடுதான் அவர்கள் ஊருக்குள் வந்தது. கியூபெக் பக்கத்துத் துண்டிலிருந்து ஒன்ராறியோத் துண்டான கோர்ன்வால் தீவில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குக் காரில் போக வேண்டுமென்றால் அமெரிக்க மண்ணைத் தொடாமல் போக முடியாது. கனடாவின் எல்லைச் சாவடியும் முன்பு தீவிலேயே இருந்தது. 2009இல் எல்லை அதிகாரிகளுக்குத் துப்பாக்கி கொடுக்க முற்பட்டபோது தீவுச் சனம் எதிர்த்தது, சாவடி பாலத்துக்கு அப்பால் கோர்ன்வால் நகரத்துக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் நிலைமை என்ன? நியூயோர்க் பக்கத்திலிருந்து வரும் தீவுவாசி தன் வீட்டு ஒழுங்கையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அதைக் கடந்துபோய், பாலம் ஏறி, நகரத்தில் வரிசையில் நின்று, நான் வந்துவிட்டேன் என்று அறிவித்து, திரும்பப் பாலம் ஏறித் தன் வீட்டுக்கு வர வேண்டும். பின் இருக்கையில் பிள்ளை நித்திரையாகியிருந்தாலும் சரி, பனி கொட்டினாலும் சரி. நேரே வீட்டுக்குப் போனவர்களின் வாகனங்கள் பறிமுதல் செய்யப்பட்டிருக்கின்றன, பணம் கட்டித்தான் மீட்டிருக்கிறார்கள். தன் வீட்டுக்குப் போனதற்காக ஒருவரின் காரைப் பிடித்து வைக்கிற நாட்டில் வாழ்கிறேன் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இந்த மடலை எழுத வைத்தது அண்மையில் நடந்த ஒரு சம்பவம். வேறொரு எல்லையோரச் சமூகத்தைச் சேர்ந்த என் வேலைத்தல நண்பரோடு, அவருடைய பெரியம்மாவின் செத்தவீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கார் டிக்கியில் சமைத்த சாப்பாடும், செத்தவீட்டில் கொடுப்பதற்காகக் கட்டி வைத்த போர்வைகளும் இருந்தன. என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு உடனே திருப்பித் தந்துவிட்டார்கள். நண்பரிடமோ, இந்தப் போர்வை யாருடையது, எங்கே வாங்கியது, விற்கவா கொண்டுபோகிறாய், எதற்கு இத்தனை என்று கேள்விக்கு மேல் கேள்வி. கடைசியில் ஒவ்வொரு போர்வையையும் விரித்து உதறிப் பார்த்தார்கள். அவர் குரலை உயர்த்தவே இல்லை, விரித்ததையெல்லாம் திரும்ப மடித்து அடுக்கினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. விமானத்தில் வந்து இறங்கிய எனக்கு ஒரு நிமிடம், இந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக இருப்பவருக்கு விசாரணை. இதில் நியாயம் இருந்தால் யாராவது எழுந்து சொல்லுங்கள்.

இந்த ஜோன் ஜே யார் என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பிரதம நீதியரசர் அவர். அதற்கு முன்பு தூதராக ஸ்பெயினுக்குப் போய் இரண்டு வருடத்துக்கும் மேலாக அலைந்தவர், அந்த அரசசபை கடைசிவரை அவரை முறைப்படி ஏற்கவில்லை. பிறகு பாரிஸ் போய் 1783 சமாதான உடன்படிக்கையை முடித்துக்கொடுத்தார். நாடு திரும்பி வெளிவிவகாரப் பொறுப்பை ஏற்றபோது ஒரு கேள்வி அவர் மேசைக்கு வந்தது. பிரித்தானியர் டெட்ராய்ட், நயாகரா கோட்டைகளை விட்டுப் போக மறுக்கிறார்களே, உடன்படிக்கையை மீறியது அவர்கள்தானே? 1786 ஒக்டோபரில் காங்கிரஸுக்கு அவர் கொடுத்த அறிக்கை சொந்த நாட்டுக்காரருக்கே கசந்திருக்கும். கடன் கொடுத்த பிரித்தானியருக்கும், பிரித்தானிய அரசருக்கு விசுவாசமாக இருந்தவர்களுக்கும் கொடுத்த வாக்கை நமது மாநிலங்கள்தான் முதலில் மீறின, தொடங்கிய நாளிலிருந்தே மீறுகின்றன என்று எழுதினார். அந்த விசுவாசிகள் யார்? எல்லாம் இழந்து வடக்கே வந்து கோர்ன்வால் போன்ற ஊர்களை உருவாக்கியவர்கள். அவர்களுக்குக் கொடுத்த வாக்குக்காகத் தன் நாட்டைக் கண்டித்தவர் போட்ட கையெழுத்து, இன்று அதே கோர்ன்வால் பாலத்தில் செல்லாமல் கிடக்கிறது.

அவர் மகான் என்று சொல்லவில்லை. அடிமைகளை வைத்திருந்தவர். பிறகு நியூயோர்க் ஆளுநராக 1799இல் அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவரே. 1794 உடன்படிக்கைக்காக ஊர் ஊராக அவர் கொடும்பாவியை எரித்தார்கள். செனட்டில் இருபதுக்குப் பத்து என்று, தேவையான மூன்றில் இரண்டு பங்கோடு மட்டும் தப்பிப் பிழைத்த உடன்படிக்கை அது. அவ்வளவு வெறுப்புக்கு நடுவிலும் அமெரிக்கா அதில் ஒரு பகுதியைக் காப்பாற்றியது. பிலடெல்பியாவில் பாலம் கட்டும் வேலையில் இருந்த கனடாவின் கானவாகேயைச் சேர்ந்த மோஹாக் இரும்புத் தொழிலாளி போல் டியாபோவை நாடுகடத்தப் பார்த்தபோது, 1927இல் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அடுத்த வருடமே அந்தப் போய்வரும் உரிமைக்கு அங்கே சட்டமும் வந்தது.

இங்கே? 1956இல் அக்வெசாஸ்னேயைச் சேர்ந்த லூயிஸ் ஃபிரான்சிஸ் ஒரு உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்கும் ஃபிரிட்ஜுக்கும் எண்ணெய் ஹீட்டருக்கும் கட்டிய தீர்வையைத் திரும்பக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். 1988இல் அக்வெசாஸ்னேயின் பெருந்தலைவர் மைக்கல் மிச்சல் போர்வை, பைபிள், உணவு, திரும்பவும் ஒரு உடுப்புத் தோய்க்கும் மெஷின் எல்லாம் எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டினார். 142 டொலர் 88 சதம் தீர்வை கேட்டார்கள். 2001இல் அவரும் தோற்றார். ஜே உடன்படிக்கை இங்கே செல்ல வேண்டுமானால் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும் என்று 1956 தீர்ப்பிலேயே தெளிவாக இருக்கிறது. அதாவது பந்து உங்கள் பக்கத்தில் கிடக்கிறது, எங்கள் பெற்றோர் இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்பிருந்தே.

எத்தனையோ கூட்டங்களின் தொடக்கத்தில் எழுந்து நின்று, நாங்கள் கூடியிருப்பது இன்னாரின் நிலம் என்று வாசிக்கிறீர்கள். பாடசாலைகளில் எங்கள் பிள்ளைகளும் அதை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். பூர்வகுடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனத்தை 2021இல் சட்டமாகவே ஏற்றீர்கள், எல்லையால் பிரிக்கப்பட்ட மக்கள் தங்கள் உறவுகளோடு தொடர்பைப் பேணும் உரிமை அதன் 36ஆம் பிரிவிலும் இருக்கிறது. வாசிப்பதற்கு இவ்வளவு நேரம் இருக்கிற உங்களுக்கு ஒரு சிறிய சட்டமூலத்துக்கு நேரம் இல்லையா? வதிவிடப் பாடசாலைகளில் துன்பப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளை நினைத்துச் செம்மஞ்சள் சட்டை போட ஒரு நாள், மன்னிப்புக் கேட்க ஒரு நாள், குழு அமைக்க இன்னொரு நாள், ஆனால் பாலத்தில் நிற்பவருக்கு மட்டும் ஒரு நாளும் விடியவில்லை.

கோபத்தில் கொஞ்சம் கூடக் கதைத்துவிட்டேனென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: மூன்றாம் பிரிவைச் சட்டமாக்குங்கள். அமெரிக்கா போல ஐம்பது சதவீதப் பூர்வகுடி இரத்தம் என்று அளந்து பார்க்காதீர்கள், யார் தங்கள் மக்கள் என்பதை அந்தச் சமூகங்களே சொல்லட்டும். சட்டமூலத்தின் வரைவை அக்வெசாஸ்னேயிலும் கானவாகேயிலும் போய் அவர்களோடு உட்கார்ந்து எழுதுங்கள். அது வரும்வரை, கோர்ன்வால் தீவுக்காரர் முதலில் தன் வீட்டுக்குப் போய்விட்டுத் தொலைபேசியில் அறிவிக்க வழி செய்யுங்கள், அதற்கு உடன்படிக்கைகூடத் தேவையில்லை. என் தொகுதி உறுப்பினருக்கு இதன் பிரதியைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். இந்தக் கூட்டத்தொடரிலேயே அவர் எழுந்து இதைக் கேட்பார் என்று எதிர்பார்க்கிறேன்.

நன்றியுடன்,
ஒன்ராறியோவில் வாழும் ஒரு தமிழ்க் குடிமகன்