வெடிப்பு எந்தப் பக்கம் என்று முதலில் கேட்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெட்ரோல் எஞ்சின் சீராக ஓடாமல் அவ்வப்போது ‘பட்’டென்று வெடிப்பதாகக் கேட்டிருந்த வாசகருக்கு, எரிபொருள் அமைப்பைச் சுத்தம் செய்யும்படி தங்கள் வாகனப் பகுதியில் பதில் தரப்பட்டிருந்தது. அந்த யோசனை தவறானதல்ல. ஆனால், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமலேயே அது சொல்லப்பட்டிருப்பது வருத்தமளிக்கிறது. பழுதைக் கண்டுபிடிக்காமல் தீப்பொறி தரும் பிளக், அதற்கு மின்சாரம் கொடுக்கும் காயில், சென்சார் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் வழக்கம் பணிமனைகளில் ஏற்கெனவே மிகுந்திருக்கிறது. அந்தச் செலவெல்லாம் வண்டிக்காரர் தலையில்தான் விழுகிறது.

ஏர் ஃபில்டர் பக்கம் வெடித்தால், தீ, காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையைச் சிலிண்டருக்குள் விடும் இன்டேக் வால்வைத் தாண்டிப் பின்னோக்கி வந்திருக்கிறது என்று பொருள். கலவையில் பெட்ரோல் குறைந்து மெதுவாக எரிவது, வால்வு சரியாக மூடாதது, வால்வுகள் உரிய நேரத்தில் திறந்து மூட உதவும் டைமிங் பெல்ட் பல் தாவியது ஆகியவற்றை அங்கே தேட வேண்டும். பிளக் வயர்களைக் கழற்றி மாட்டிய பிறகே வெடிப்பு தொடங்கியதென்றால், நான்கு சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றுக்குரிய 1-3-4-2 என்ற தீப்பொறி வரிசை மாறிவிட்டதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சைலென்சரில் வெடிப்பது வேறு வகை. சிலிண்டருக்குள் எரியாமல் தப்பிய பெட்ரோல், சூடான புகைக்குழாயில் காற்றோடு சேர்ந்து தீப்பிடிப்பதே அந்தச் சத்தம். ஆக்ஸிலேட்டரை விடும்போது மட்டும் வெடித்தால், சைலென்சர் எஞ்சினோடு சேரும் இடத்தில் இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட் போய்க் காற்று புகுகிறதா என்று பார்ப்பது நல்லது.

எந்தப் பக்கம் வெடித்தாலும், எதையும் மாற்றுவதற்கு முன் பிளக்குகளைக் கழற்றி, எது எந்தச் சிலிண்டருடையது என்பது மாறாமல் வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். முனை இளம்பழுப்பாக இருந்தால் அந்தச் சிலிண்டர் நன்றாக எரிகிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது சூடு அதிகம். பெட்ரோலில் நனைந்திருந்தால் பெரும்பாலும் தீப்பொறியே வரவில்லை. மூன்று பிளக்குகள் ஒரே நிறத்திலும் ஒன்று மட்டும் நனைந்தும் இருக்கும்போது, நான்கு சிலிண்டருக்கும் பொதுவான பெட்ரோல் பம்ப்பை மாற்றச் சொல்பவரை நம்பத் தேவையில்லை.

எஞ்சின் கணினி பதிந்துவைக்கும் பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் உள்ள பணிமனைகளிலும் இதே பொறுமை வேண்டும். பி0302 என்ற குறியீடு இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று மட்டுமே சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் காயில் உள்ள எஞ்சினில், இரண்டாவது காயிலை மூன்றாவதோடு இடம் மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். குறியீடு பி0303 ஆக மாறினால் காயில்தான் பழுது. மாறாவிட்டால் பிளக், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தமான கம்ப்ரெஷன் என்று தேடலைத் தொடர வேண்டும். புதிய காயில் வாங்காமலேயே இதைத் தெரிந்துகொள்ள முடியும்.

டேஷ்போர்டில் உள்ள எஞ்சின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மினுக்கினால், வீடு வரை ஓட்டிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. எரியாத பெட்ரோல், புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதை உருக்கிவிடக்கூடும். அது பிளக்கையோ காயிலையோ விடப் பல மடங்கு விலையுள்ளது.

ஆகவே, இத்தகைய கேள்விகள் வரும்போது, சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா சூடான பிறகா, நின்ற நிலையிலா ஏற்றத்திலா, கடைசியாக எந்தப் பாகத்தில் கை வைக்கப்பட்டது என்ற விவரங்களை வாசகரிடம் கேட்டுப் பெற்ற பிறகே பதில் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்