சவுக்குக்குப் பக்கத்தில் புன்னைக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடலோரத்தில் காற்றைத் தடுக்க என்ன மரம் நடலாம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் சவுக்குதான் முதலில் வந்து நிற்கிறது. சவுக்கின் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாலைந்து வருடத்தில் வெட்டிக் காசாக்கலாம், கொஞ்சமாக நிலம் வைத்திருப்பவருக்கு அது பெரிய கைகொடுப்பு. சிக்கலும் அதில்தான் இருக்கிறது. வெட்டுவதற்காக நட்ட மரத்தை வெட்டத்தான் செய்வார்கள். அடுத்த கன்று ஆளுயரம் வரும்வரை அந்தக் கரை மொட்டையாகக் கிடக்கும். நின்றபடியே பலன் தரும் மரம் ஒன்றும் கூடவே வேண்டும். புன்னை அப்படிப்பட்ட மரம்.

கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பசிபிக் தீவுகள் வரை, வெப்பமண்டலக் கடலோரம் எங்கும் புன்னை உண்டு. அதன் காய் கடலில் மிதந்துபோய்க் கரையேறி முளைக்கும். தடித்துப் பளபளக்கும் இலை உப்புக்காற்றைத் தாங்கும், வெறும் மணலிலும் வேர் பிடிக்கும். வருடம் முழுக்க இலை இருப்பதால் நிழலுக்கும் குறைவில்லை.

ஆனால் இந்த மரத்தை முன்பு காப்பாற்றி வந்தது நிழல் மட்டும் இல்லை, எண்ணெயும்தான். பழத்தின் சதையை வௌவால் தின்றுவிட்டுக் கொட்டையைக் கீழே போட்டுவிடும். பொறுக்குவதற்கு மரம் ஏற வேண்டியதே இல்லை. கொட்டையை உடைத்தால் உள்ளே பருப்பு வெளிர் மஞ்சளாக இருக்கும். அந்த நிலையில் பிழிந்தால் ஏமாற்றம்தான். வாரக்கணக்கில் வெயிலில் காய வேண்டும். காயக் காயப் பருப்பு பழுப்பேறி, தொட்டால் விரலில் பிசுபிசுக்கும். அப்போதுதான் செக்குக்குப் பதம். நன்றாகக் காய்ந்த பருப்பின் எடையில் பாதிக்குமேல் எண்ணெயாகவே இறங்கும். கெட்டியாக, கரும்பச்சையாக, தூக்கலான வாடையோடு இருக்கும். இது சமையலுக்கு ஆகாது. விளக்குக்கு ஊற்றினார்கள், மூட்டுவலிக்கும் சொறி சிரங்குக்கும் தடவினார்கள், படகுப் பலகைக்குப் பூசினார்கள். மண்ணெண்ணெய் வந்ததும் விளக்குக்கு இதைத் தேடுவார் குறைந்தார்கள். இதே எண்ணெயைத்தான் இன்று தஹிதி தீவுக்காரர்கள் இந்த மரத்தை அழைக்கும் பெயரான டமானு என்று சொல்லி, சின்னக் குப்பிகளில் அடைத்து முகத்துக்குப் பூச விற்கிறார்கள். நம் பக்கத்தில் கொட்டை மரத்தடியில் மக்கிப் போவதைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மரமும் லேசுப்பட்டதல்ல. செம்பழுப்பு நிறம், இழை பின்னிக் கிடக்கும், பிளப்பது கடினம். கடலோரப் புன்னை பெரும்பாலும் நேராக வளராது, சாய்ந்தும் வளைந்தும்தான் போகும். வீட்டு உத்தரத்துக்கு அது குறை. படகு கட்டுபவருக்கோ அதுவே வரம். படகின் விலா எலும்பு மாதிரி நிற்கும் வங்குக்காலுக்கு, இயற்கையாகவே வளைந்த கட்டை கிடைத்துவிடும். நேர்மரத்தை அறுத்து வளைவு எடுத்தால் இழை அறுபட்டுப் பலம் குறையும். பசிபிக் தீவுக்காரர்களும் இந்த மரத்தில் படகு செய்தார்கள். ஹவாய்க்காரர்கள் உணவுக் கலங்கள் கடைந்தார்கள்.

நம் பிள்ளைகள் புன்னைக்காயைக் கோலியாக உருட்டி விளையாடியது இன்றைக்கு நேற்றைக்கு வந்த பழக்கமா? நற்றிணை 172ஆம் பாட்டில், தோழிகளோடு வெண்மணலில் அழுத்தி விளையாடி மறந்துபோன விதை முளைத்துவிடுகிறது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். உன்னைவிடச் சிறந்தது, உனக்குத் தங்கை இது என்று தாய் மகளிடம் சொல்கிறாள். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலுக்கும் தலமரம் புன்னைதான்.

புன்னை மெதுவாக வளரும் மரம், அதை மறைக்க வேண்டாம். நட்ட மூன்றாம் வருடம் கணக்குக் காட்டச் சொன்னால் அது தோற்றுத்தான் போகும். அதனால்தான் சவுக்கை எடுக்கச் சொல்லவில்லை, சவுக்கு வரிசைகளுக்கு நடுவே புன்னையையும் வைக்கச் சொல்கிறேன். சவுக்கை வெட்டும்போது புன்னை ஓரளவு வளர்ந்து நிற்கும். வனத்துறை நாற்றங்கால்களும் கடலோர ஊராட்சிகளும் இதை மனம் வைத்துச் செய்யலாம். நாற்றுக்குச் செலவும் அதிகம் இல்லை. கொட்டையை அப்படியே புதைத்தால் முளைக்க இரண்டு மாதம்கூட ஆகும். ஓட்டை மட்டும் பக்குவமாக உடைத்து, பருப்பு அடிபடாமல் எடுத்து ஊன்றினால் மூன்று நான்கு வாரத்தில் முளை வந்துவிடும். கொட்டை காய்ந்துபோய்ப் பழசாகும்முன் ஊன்றிவிட வேண்டும். அப்புறம், முதல் ஓரிரு கோடைக்குத் தண்ணீரும், ஆடு கடிக்காமல் ஒரு வேலியும் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
கடலோர வாசகர் ஒருவர்,
நாகப்பட்டினம் மாவட்டம்