கண் முகாமுக்குத் தம்பட்டமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் பகுதியில் நடந்த இலவச கண் பரிசோதனை முகாம் பற்றி ஞாயிறன்று செய்தி போட்டிருந்தீர்கள். தலைப்பு: 'தெருத்தெருவாகத் தம்பட்டம்'. முகாம்காரர்கள் செய்ததெல்லாம், ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, தேதி, நேரம், இடம், 'பழைய கண்ணாடி இருந்தால் எடுத்து வாருங்கள்' என்று சொல்லிக்கொண்டு போனதுதான். அதைக் கேட்டுத்தான் நானும் போனேன். இடது கண்ணில் புரை என்றார்கள். இது எப்படி சார் தம்பட்டம் ஆகும்?

தம்பட்டம், தமுக்கு, டமாரம் எல்லாமே கொட்டுதான். பேச்சில் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் போய்விட்டது. தன் பெருமையைத் தானே அடித்துக்கொண்டால் தம்பட்டம். டமாரம் பாவம், காது கேளாதவர் தலையில் விழுந்தது. ஊருக்குத் தெரியவேண்டிய சேதி என்றால் தண்டோரா. ஆளை விட்டுத் தண்டோரா போடவேண்டாம், ஒலிபெருக்கி வண்டியே போதும் என்று 2022-இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு கலெக்டர்களுக்கு எழுதினார். சரியான காரியம். ஆனாலும் ரகசியம் வெளியே போனால் 'தண்டோரா போட்டுட்டியா?' என்றுதான் இன்றும் கேட்கிறோம்.

நான் திருவல்லிக்கேணியில் முப்பது வருடம் கம்பாசிட்டர். சினிமா போஸ்டருக்கு மர எழுத்து கோத்தவன். மறுநாளே படத்தைத் தூக்கப்போகிறார்கள் என்று தெரிந்தும் 'வெற்றிகரமான 2-வது வாரம்' கோத்திருக்கிறேன். அந்த 'ற்' ஓரம் உடைந்தது, மை பாதிதான் பிடிக்கும். இல்லாத வெற்றியை ஏற்றிச் சொல்லும் அந்த வேலைக்கு அப்போது எங்களிடம் பெயர் இல்லை; இப்போது 'பில்டப்' என்கிறார்கள். நல்ல சொல். நான் சாப்பிடும் மெஸ்ஸில் காபி எப்படி என்று கேட்டால், "பில்டப்லாம் இல்ல பெரியவரே, குடிச்சிட்டுச் சொல்லுங்க" என்பார் சர்வர்.

உங்கள் சினிமாப் பக்கம் அதையே 'ஹைப்' என்கிறதே என்று பேரனிடம் கேட்டேன். "தாத்தா, ஹைப் தானா எகிறும். பில்டப் ஆள் வெச்சு ஏத்துறது" என்றான். சரி, அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

அந்த ஆட்டோக்காரர் எதையும் ஏற்றவில்லை. 'அறிவிப்பு' என்று போட்டிருக்கலாம். தம்பட்டம் ஆறு எழுத்து, அறிவிப்பு ஐந்துதான். தலைப்பில் இடமும் மிச்சம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர்,
திருவல்லிக்கேணி, சென்னை