வேட்பாளர் நேர்காணல் நடத்துற அண்ணன்மாருக்கு மதுரைக்காரன் எழுதுற திறந்த மடல்

எல்லா கட்சித் தலைமைக்கும், மாவட்டச் செயலாளர் அண்ணன்மாருக்கும், நேர்காணல் மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கிற பெரியவங்களுக்கும் வணக்கம்.

நன்மாறன் பேரை இன்னமும் மேடைக்கு மேடை சொல்லி கைதட்டு வாங்கிட்டு இருக்கீங்க, அதப்பத்தி கொஞ்சம் பேசணும். 2001லயும் 2006லயும் மதுரை கிழக்குல மார்க்சிஸ்ட் கட்சி சார்பா ஜெயிச்சு பத்து வருசம் எம்எல்ஏவா இருந்தவரு, 2021 அக்டோபர் 28ஆம் தேதி மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில 74 வயசுல போய்ச் சேந்துட்டாரு. அன்னிக்கு கட்சி பேதமில்லாம எல்லாரும் அஞ்சலி சொன்னீங்க, எளிமையின் சிகரம்னீங்க, இப்படி ஒரு மனுசன இனி பாக்க முடியுமான்னு உருகுனீங்க. பாக்க முடியாதுதான், ஏன்னா நீங்க வாசல்லயே நிறுத்திருவீங்களே.

நான் அவர் கட்சிக்காரன் இல்ல, அவருக்கு ஓட்டுப் போட்டவன்ங்கிற உரிமையில கேக்குறேன். பேர மறைச்சுக்கிட்டு, ஆட்டோவுல வந்து இறங்கி, கையில ஒரு பை மட்டும் வச்சுக்கிட்டு அவரே உங்க நேர்காணலுக்கு வந்திருந்தா என்ன கேட்டிருப்பீங்க? எத்தன சி, அதாவது எத்தன கோடி செலவு பண்ணுவன்னு கேட்டிருப்பீங்க. இல்ல அண்ணே நான் நல்லா பேசுவேன், கூட்டம் சிரிச்சுக்கிட்டே கேக்கும், மேடைக் கலைவாணர்னே ஊர்ல பட்டம் குடுத்திருக்காங்கன்னு சொல்லிருந்தா, அடுத்த ஆள வரச் சொல்லுங்கப்பான்னு பெல் அடிச்சிருப்பீங்க. வேணும்னா நட்சத்திரப் பேச்சாளர் லிஸ்ட்ல ஒரு ஓரமா பேரு போட்டிருப்பீங்க, சீட்டு மட்டும் பசையுள்ள பார்ட்டிக்குத்தான்.

நேர்காணல் வரைக்கும்கூட வந்திருக்க மாட்டாரு, அது வேற கதை. தேர்தல் கமிஷன்ல சட்டமன்றத்துக்கு டெபாசிட் 10,000 ரூவா, பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு 5,000. ஆனா 2021 தேர்தல்ல கட்சிகிட்ட சீட்டு கேட்டு விருப்ப மனு குடுக்க திமுகவுல பொதுத் தொகுதிக்கு 25,000, அதிமுகவுல 15,000. அதாவது நாட்டோட தேர்தல்ல நிக்கிறதவிட உங்க வாசப்படி ஏறுறதுக்கு காசு அதிகம். இத எந்தத் தலைவரும் ஒரு அவமானமா நெனச்ச மாதிரி தெரியல.

நன்மாறன் தனியா நின்னு ஊர ஜெயிச்ச ஹீரோன்னு நான் சொல்ல வரல. 2001ல அதிமுக கூட்டணி, 2006ல திமுக கூட்டணி, ரெண்டு தடவையும் பெரிய கட்சி ஓட்டு சேந்துதான் கரை சேந்தாரு, அஞ்சு வருசம் முன்னாடி யாருக்கு எதிரா பேசுனாரோ அவங்களுக்கே அடுத்த தேர்தல்ல ஓட்டுக் கேட்டாரு, இதெல்லாம் எங்களுக்கு அன்னிக்கே தெரியும், டீக்கடையில கிண்டலும் பண்ணிருக்கோம். ஆனா ஒண்ண பாருங்க, 2006ல அவர் மதிமுக வேட்பாளரைவிட வாங்குனது வெறும் 51 ஓட்டு கூட. 51 ஓட்டுங்கிறது இப்ப என்ன கணக்கு? ஒரே ஒரு சந்து. ராத்திரி கரண்ட்ட நிறுத்திட்டு ஒரு பணக் கவர் கட்ட எடுத்துட்டு ரெண்டு பேர் உள்ள போனா, நாய் குலைச்சு அடங்குறதுக்குள்ள முடிஞ்சு போற வேலை. இன்னிக்கு தேதியில அந்த 51 அவர் பக்கம் நின்னிருக்காது.

அந்த வித்தைய எங்க ஊர்ப் பக்கத்துலதான் ஊருக்கே சொல்லிக் குடுத்தீங்கன்னு நெனச்சா இன்னும் எரியுது. அவர் ரெண்டாவது தடவ எம்எல்ஏவா இருக்கும்போதேதான் 2009 ஜனவரியில எங்க மாவட்டத்துத் திருமங்கலத்துல இடைத்தேர்தல் வந்துச்சு, அதுக்கப்புறம் திருமங்கலம் ஃபார்முலான்னு டெல்லி வரைக்கும் பேராயிருச்சு. ஆட்டோவுல போற எம்எல்ஏவும், கவர்ல பணம் வச்சு வீடு வீடா குடுக்குற ஃபார்முலாவும் ஒரே மாவட்டத்துல ஒரே நேரத்துல இருந்துச்சு அண்ணே, நீங்க எத எடுத்துட்டுப் போனீங்கன்னு ஊருக்கே தெரியும். 2016ல அரவக்குறிச்சி, தஞ்சாவூர்ல தேர்தல தள்ளி வச்சாங்க, 2017ல ஆர்கே நகர்ல ரத்தே பண்ணாங்க, எல்லாம் இதே பட்டுவாடா கேஸுதான்.

செலவுக் கணக்குக்கு வருவோம். 2022லருந்து வேட்பாளர் உச்சவரம்பு 40 லட்சம், அதுக்கு நோட்டு போட்டு எழுதணும், டீக்கு இவ்வளவு, பிளாஸ்டிக் சேருக்கு இவ்வளவு, சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு இவ்வளவுன்னு தேர்தல் ஆபீஸ்ல ரேட் லிஸ்டே போட்டிருக்கும். கட்சி செய்யுற பொதுப் பிரச்சாரச் செலவுக்கு மட்டும் உச்சவரம்பே கிடையாது. அந்த 40 லட்சத்தையும் சட்டப்படியே நீங்க ஏழை வேட்பாளருக்கு குடுக்கலாம், யாரும் கையப் பிடிக்கல, ஆனா நீங்க அவன்கிட்ட கேக்குறீங்க. எம்எல்ஏ சம்பளத்த 2017ல மாசம் 1,05,000 ஆக்குனாங்க, அஞ்சு வருசத்துக்கு கூட்டுனா 63 லட்சம். 63 லட்சம் வர்ற வேலைக்கு கோடிக்கணக்குல போடுறேன்னு ஒருத்தன் வந்து சொல்றான், எங்கருந்து எடுப்பன்னு நேர்காணல்ல ஒருத்தராவது கேட்டிருக்கீங்களா? 2021ல ஜெயிச்சவங்க அஃபிடவிட்ட எடுத்துப் பாருங்க, பத்துல எட்டு பேருக்கு மேல கோடீஸ்வரங்க.

மார்க்சிஸ்ட் தோழர்களே, உங்களையும் விட மாட்டேன். உங்க கட்சியில எம்எல்ஏ சம்பளம் கட்சிக்குப் போயிரும், கட்சி அவருக்கு ஒரு அலவன்ஸ் குடுக்கும், நல்ல பழக்கம்தான், அதனாலதான் காசில்லாதவரு கோட்டைக்குப் போக முடிஞ்சுச்சு. ஆனா அப்படி உழைச்ச மனுசன் எழுபது வயசுக்கு மேல குடிசை மாற்று வாரியத்துல ஒரு வீடு ஒதுக்குங்கன்னு கலெக்டர் ஆபீஸ்ல மனுவோட நிக்கிறாரு, அத நீங்க பெருமையா ஷேர் பண்றீங்க. எனக்கு அதப் பாத்தா பெருமை வரல, வயித்தெரிச்சல்தான் வந்துச்சு. காசு சேக்காம இருந்தது அவர் குணம், வாடகை வீட்டுல கெடந்து அல்லாடுனது யார் குணம்? 2019 எம்பி தேர்தலுக்கு திமுக தேர்தல் கமிஷன்ல காட்டுன கணக்குல உங்களுக்கு 10 கோடி, இந்திய கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடி குடுத்ததா இருந்துச்சு, அது தேர்தல் செலவுக்குன்னு நீங்க சொன்னது சரி. ஆனா முழுநேர ஊழியருக்கு வயசான காலத்துல ஒரு கூரைக்கு வழி பண்றதும் கட்சி வேலைதானே.

மத்த கட்சி அண்ணன்மாரே, எளிமைய புகழ்றது உங்களுக்கு செலவில்லாத வேலை, செத்தவர் சீட்டு கேக்க மாட்டாரு. எனக்கு வேண்டியது வேற. விருப்ப மனுவுக்கு காசு வாங்குறத எடுங்க, இல்லைன்னா டெபாசிட்டுக்கு மேல வாங்காதீங்க. மாவட்டத்துக்கு ஒரு தொகுதியாவது சொந்தக் காசு இல்லாத ஆளுக்கு குடுத்து, செலவ கட்சியே ஏத்துக்கிட்டு, தேர்தல் முடிஞ்சதும் அத வெளிய போடுங்க, தோத்தாலும் பரவால்ல, டெபாசிட் போற ஆளுக்கெல்லாம் சீட்டு குடுத்த கட்சிகதானே நீங்க. நேர்காணல்ல செலவக் கேக்காம இருக்க உங்களால முடியாதுன்னு தெரியும், அத கடைசிக் கேள்வியாவது ஆக்குங்க. மொதல்ல உன் தொகுதியில எத்தன ரேஷன் கடை இருக்கு, எந்த வார்டுல எத்தன நாளைக்கு ஒருக்கா தண்ணி வருதுன்னு கேளுங்க. பாதிப் பேரு அங்கயே கழண்டுருவாங்க, உங்களுக்கும் நேரம் மிச்சம்.

இப்படிக்கு,
அந்த 51ல ஒருத்தன்